ஆனைக்கு ஒரு பங்கு

போடியில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், விஜயகுமார் வாத்தியார் கோபக்காரர் என்றுதான் சொல்வார்கள். உண்மைதான். இருபத்தாறு வருஷமாக இயற்பியல் நடத்துகிறேன். சூத்திரம் இருக்கும்போது குத்துமதிப்பாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட நான், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு அம்மாவின் முன்னால் நடுக்கடலில் தோற்றுப்போனேன். இதை வெளியே சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஜெயபாக்கியத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று உட்கார்ந்தால் இதை விட்டுவிட்டு எழுத முடியவில்லை.

ஜெயபாக்கியத்துக்கு நாற்பத்தாறு வயது. முந்தல் போகிற சாலையில், மலைக்கு ஏறும் ஜீப்புகள் கடைசியாக நின்று டீசல் போடும் பங்க்கில் வேலை. இருபத்திரண்டு வயதில் சேர்ந்தவர். தினமும் காலையில் பங்க் தொட்டிக்குள் அளவுக் கம்பியை இறக்கி, நனைந்த இடத்தைப் பார்த்து எத்தனை லிட்டர் இருக்கிறது என்று சொல்வதுதான் முதல் சோலி. அதற்கு ஒரு அட்டவணை உண்டு. இரண்டாவது வருஷத்திலிருந்து அவர் அந்த அட்டவணையைப் பார்ப்பதை விட்டுவிட்டாராம்.

ஊருக்கு அவர் 'டீசல் அக்கா'. காரணம் பங்க் இல்லை. கோடையில் ஏலச்செடிக்குத் தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும். ஓடைக்கரையில் டீசல் பம்புசெட்டு வைத்துப் பாய்ச்சுவார்கள். அந்த டீசல் கேன் கேனாக ஜீப்பில் ஏறி, ரோடு முடிகிற இடத்திலிருந்து தலைச்சுமையாகப் போகவேண்டும். குறைந்தால் செடி வாடும். கூடினால் சுமந்தவர் கழுத்து நோகும். அதனால் எஸ்டேட் மேஸ்திரிகள் இவரிடம் வந்து கேட்பார்கள். இவர் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விதான்: "எத்தன மணி நேரம் ஓடும்? எவ்ளோ ஒசரம் ஏத்தணும்?"

கிலோமீட்டர் என்ற பேச்சே அவரிடம் கிடையாது. மலையில் அது செல்லவும் செல்லாது. பதினான்கு பேரையும் நான்கு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு பதினேழு கொண்டை ஊசி வளைவில் முக்கிக்கொண்டு ஏறும் ஜீப்புக்கு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதே கிண்டல். மணிக்கு எத்தனை லிட்டர் என்பதுதான் கேள்வி. அதையும் ஜெயபாக்கியம் யார் சொன்னாலும் நம்பமாட்டார். எஞ்சினுக்கு டீசல் போகும் குழாயைக் கழற்றி ஒரு கேனுக்குள் விடுவார். எஞ்சின் குடித்தது போக மிச்சத்தைத் திருப்பி அனுப்பும் குழாய் ஒன்று இருக்கும், அதையும் அதே கேனுக்குள் விடுவார். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, கேனில் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார். அவ்வளவுதான்.

இதோடு அவர் சேர்க்கும் இன்னொரு பங்கு இருக்கிறது. அதற்குக் காரணம் அவருடைய வீட்டுக்காரர் பாண்டித்துரை. ஜீப்பு ஓட்டுகிறவர். ஒரு நாள் காலை, தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு பூப்பாறை தாண்டிப் போனபோது ரோட்டின் நடுவில் ஒற்றை யானை நின்றுவிட்டது. எஞ்சினை நிறுத்தப் பயந்து மூன்று மணி நேரம் ஓடவிட்டே காத்திருந்தார். யானை நகரவில்லை. வண்டியைத் திருப்பிச் சுற்றுவழியில் போனார். பாதியில் டீசல் தீர்ந்துபோனது. பதினான்கு பெண்களும் கொட்டும் மழையில் ஏழு கிலோமீட்டர் நடந்தார்கள். "ஒம் பொண்டாட்டி அளந்து குடுத்த டீசலாப்பா இது?" என்று பாண்டித்துரையை ஸ்டாண்டில் ஒரு மாசம் ஓட்டினார்கள்.

அவர் சிரித்து மழுப்பிவிட்டார். ஜெயபாக்கியத்தால் முடியவில்லை. அன்றிலிருந்து அவருடைய கணக்கில் மூன்று வரி வந்தது. ஏற்றத்துக்கு இரண்டு பங்கு, இறக்கத்துக்கு ஒரு பங்கு, ஆனைக்கு ஒரு பங்கு. யானை வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பங்கைத் தொடக்கூடாது. ஆரம்பத்தில் டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். இப்போது பங்க்கில் வண்டி நின்றதும் பின்னால் இருக்கிறவனே, "ஆனைக்கு ஊத்தியாச்சாண்ணே?" என்று கேட்கிறான். அவர் அளவு சொன்ன எஞ்சின் எதுவும் அதன் பிறகு வழியில் நின்றதில்லை. மலை முழுக்க அந்தப் பேர் இருந்தது.

இந்த அம்மாவைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போனவர் என் மச்சான் பிரேம்சிங். என் அக்கா சுஜாதாவின் வீட்டுக்காரர், ஏலக்காய் வியாபாரி. கொச்சியில் அவரோடு வியாபாரம் செய்த ஒரு நண்பர் வெளிநாட்டுக்கே போகும்போது, தன்னுடைய பழைய டீசல் உல்லாசப் படகை இவர் தலையில் கட்டிவிட்டார். இரண்டு எஞ்சின், நான்கு படுக்கை, ஏசி, பின்தளத்தில் சாய்ந்து உட்காரச் சோபா. செய்தி தெரிந்ததும் போடியே சிரித்தது. "கொட்டகுடி ஆத்துல விடப்போறீங்களாண்ணே?" என்று கேட்காத ஆள் இல்லை.

பிரேம்சிங் அசரவில்லை. அரையாண்டு விடுமுறைக்கு லட்சத்தீவில் ஒரு தீவுக்குப் போவதென்று முடிவு செய்தார். அனுமதி எல்லாம் வாங்கியாயிற்று. கொச்சியிலிருந்து இருநூற்று இருபது கடல் மைல். போகும் வழியில் டீசல் கிடையாது. தீவில் நம்முடையதைப் போன்ற படகுக்குத் தரமாட்டார்கள் என்று கேப்டன் சொல்லிவிட்டார். ஆகவே போகவரத் தேவையான அத்தனையும் கிளம்பும்போதே படகில் இருக்கவேண்டும்.

"மாப்ளே, நீ கணக்குப் போடு" என்றார் மச்சான். போட்டேன். படகோடு வந்த புத்தகத்தில், மணிக்குப் பத்து கடல் மைல் வேகத்தில் ஐம்பது லிட்டர் என்று இருந்தது. போக இருபத்திரண்டு மணி நேரம், ஆயிரத்து நூறு லிட்டர். வரவும் அதுவே. மொத்தம் இரண்டாயிரத்து இருநூறு. தொட்டியில் இரண்டாயிரத்து நானூறு பிடிக்கும். இருநூறு மிச்சம். ஐந்து நிமிஷ வேலை.

மச்சான் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எதுக்கும் நம்ம பாக்கியத்த ஒரு வார்த்த கேட்டுக்கிருவோம்" என்றார். எனக்குக் காதில் புகை வராத குறை. பம்புசெட்டுக்கு அளவு சொல்கிற அம்மாவைக் கடலுக்குக் கூப்பிடுவதா என்று சத்தம் போட்டேன். அவர் அதற்குள் போன் போட்டுவிட்டார்.

ஜெயபாக்கியம் அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. கொச்சித் துறையில் இறங்கியதும், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே எஞ்சின் அறைக்குள் இறங்கினார். கடலைப் பிறகுதான் பார்த்தார். கேப்டன் பேப்பூர்க்காரர், மலையாளி, முப்பது வருஷம் கப்பலில் இருந்தவர். இவர் குழாயைக் கழற்றக் கேட்டதும் பதறிவிட்டார்.

"சேச்சி, இது ஜீப்பில்ல கேட்டோ."

"தெரியுதுங்க. ஆனா இதும் டீசலத்தான குடிக்குது?"

வெள்ளோட்டம் விட்டோம். நான் பத்தாவது நிமிஷத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மலை வளைவுகளில் ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டு போன உடம்பு. பத்து மைல் வேகத்தில் ஒரு மணி நேரம், எட்டு மைல் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டச் சொன்னார். கேனைப் பார்த்தார். வெளிச்சத்துக்கும் ஏசிக்கும் ஓடும் ஜெனரேட்டரையும் அதே மாதிரி அளந்து சேர்த்துக்கொண்டார். பத்து மைல் வேகத்தில் அறுபத்திரண்டு லிட்டர். எட்டு மைல் வேகத்தில் முப்பத்து நாலே லிட்டர்.

புத்தகத்தில் ஐம்பது, கேனில் அறுபத்திரண்டு. எஞ்சினுக்கு வயதாகிவிட்டது, படகின் அடியில் சிப்பி ஒட்டியிருக்கிறது என்றார் கேப்டன். என் கணக்கில் அடியில் ஒட்டிய சிப்பி இல்லை. முனகிக்கொண்டேன்.

"ரெண்டு மைல் வேகத்தக் கொறச்சா மணிக்குக் கிட்டத்தட்டப் பாதி டீசல் மிச்சம்ணே. மெதுவாப் போவோம்" என்றார் ஜெயபாக்கியம். இருபத்தேழரை மணி நேரம் ஆகும், போக ஏறக்குறைய தொள்ளாயிரத்து நாற்பது லிட்டர். வர அதில் பாதி. ஆனைக்குப் பாதி. மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று எண்பது. தொட்டி தாராளமாகப் போதும் என்று சொல்லிவிட்டு, சாப்பிடப் போய்விட்டார். மச்சானுக்கு ஒரே சந்தோஷம். என்னுடையதைவிடக் குறைவு பார் என்று என் முதுகில் தட்டினார்.

மறுநாள் காலை துறையோரம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஜெயபாக்கியம் ஒரு ஓரமாக நின்று, அக்கரைக்குப் போகிற வருகிற பயணிகள் படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனது. திடீரென்று எங்கள் பக்கம் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே, நேத்து நான் சொன்னது தப்பு."

"எது பாக்கியம்?"

"கடல்ல எறக்கம் கெடையாதே."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். அவர் வீடு முந்தல் ரோட்டோரம். ஏறும் ஜீப்பும் இறங்கும் ஜீப்பும் எழுப்பும் சத்தம் வேறு வேறு, படுத்துக்கொண்டே சொல்லிவிடலாம். இங்கே போகிற படகும் வருகிற படகும் ஒரே சத்தத்தில் போகின்றன. மலையில் எல்லோரும் ஏற்றத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு இறக்கத்துக்குப் பாதி போட்டுக்கொள்வார்கள். அதே பழக்கத்தில் இவரும் திரும்பி வருவதற்குப் பாதி போட்டுவிட்டார்.

"திரும்பி வர்றதுக்கும் முழுசா வேணும்ணே. அப்ப ஆனைக்கும் முழுசா வைக்கணும். போக ஒண்ணு, வர ஒண்ணு, ஆனைக்கு ஒண்ணு. ரெண்டாயிரத்து எண்ணூறு இல்லாம நான் சரின்னு சொல்லமாட்டேன்."

கேப்டன் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சும்மா விடுவேனா? "நேத்து ஆயிரத்து எண்ணூறு, இன்னைக்கு ரெண்டாயிரத்து எண்ணூறு. இது என்ன கத்திரிக்காய் வெலயா, தெனம் மாறுறதுக்கு? அதுவும் கடல்ல ஏதும்மா ஆன?" என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த அம்மாவின் கண் கலங்கியதைப் பார்த்தேன். ஆனால் குரல் ஆடவில்லை. "தப்புச் செஞ்சேன் சார், அதான் வந்து சொல்றேன். சொல்லாம இருந்தா டீசல் கொறையாமப் போயிருமா? மலையில வண்டி நின்னா எறங்கி நடக்கலாம். இங்க எங்க சார் எறங்குறது?"

அந்த நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. ஊரில் பெயர் பெற்றவர்கள் தங்கள் தவறை மறைக்க என்னவெல்லாம் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நானே செய்திருக்கிறேன். கரும்பலகையில் தப்பாகப் போட்ட விடையை, 'கவனிக்கிறீர்களா என்று சோதித்தேன்' என்று சொல்லித் துடைத்த ஆள் நான்.

தொட்டி போக நானூறு லிட்டர் பின்தளத்தில் ஏறியது. சோபா இருந்த இடத்தில் இரண்டு டிரம், கயிறு போட்டு இறுக்கிக் கட்டியபடி. மச்சானின் முகம் சுருங்கிப்போனது. சுஜாதா அக்கா, "எலவு வீட்டுல தண்ணி டிரம் வச்ச மாதிரி இருக்கு" என்றாள். நான் முதல் நாளே அதில் கால் விரலை இடித்துக்கொண்டு, "சனியன்" என்று உதைத்தேன்.

"கணக்குப் போட்டவங்க கூட வந்தாத்தான் படக எடுப்பேன்" என்றார் மச்சான், பாதி விளையாட்டாக. ஜெயபாக்கியம் உடனே தலையாட்டினார். "நான் சொன்ன டீசல்ல நானே போகாட்டி எப்படிண்ணே?" என்றார். ஆக மச்சான், அக்கா, ஜெயபாக்கியம், நான் என்று நான்கு பேர், கேப்டன், இரண்டு சிப்பந்திகள். ஏழு பேர் கிளம்பினோம்.

போகும்போது காற்று பின்னாலிருந்து வந்தது. இருபத்தேழு மணி நேரத்தில் தீவைத் தொட்டோம். அவர் கொண்டுவந்திருந்த, கத்தியால் கோடு கீறிய கம்பைத் தொட்டிக்குள் விட்டார். கணக்கிட்டதைவிடப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் குறைவாகவே செலவாகியிருந்தது. தீவின் அழகை எழுத எனக்கு வராது. தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி இருந்தது, மீன் ருசியாக இருந்தது, அவ்வளவு சொல்லலாம். மூன்று நாளும் ஜெயபாக்கியம் ஜெனரேட்டரை ஓடவிடவில்லை. சமைக்கிற நேரத்துக்கு மட்டும் அனுமதி. ஏசி இல்லாமல் மச்சான் பனியனோடு வியர்த்து வழிந்தார். "இது என் போட்டா, இந்தம்மா போட்டா?" என்று என்னிடம் புலம்பினார். நான் டிரம்மைக் காட்டினேன். "அதுல நானூறு லிட்டரு சும்மா கெடக்கு. கொஞ்சம் எடுத்து ஊத்தச் சொல்லுங்க மச்சான்." அவர் போய்க் கேட்டார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ஆன கோவிச்சுக்கிருமாம்."

திரும்பும்போதுதான் கடல் தன் குணத்தைக் காட்டியது. காற்று கிழக்கிலிருந்து, நேராக முகத்தில். நாங்கள் இறக்கம் என்று நம்பிய வழிதான் ஏற்றமாக இருந்தது. பத்து மணி நேரத்தில் எழுபத்தைந்து மைல்தான் வந்திருந்தோம். ஜெயபாக்கியம் மணிக்கொரு தரம் கம்பை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கொச்சிக்கு இன்னும் நூற்று நாற்பத்தைந்து மைல். அப்போது மத்தியானம் இருக்கும். வலது பக்கம் தூரத்தில் யாரோ சிவப்புத் துணியை ஆட்டுவதைச் சிப்பந்தி பார்த்துச் சொன்னான்.

கிட்டே போனோம். குமரி மாவட்டத்து விசைப்படகு. ஒன்பது பேர். டீசல் குழாய் வெடித்து, தெரிவதற்குள் தொட்டி முழுக்கப் படகின் அடியில் கொட்டித் தீர்ந்துவிட்டது. குழாயைச் சரிசெய்துவிட்டார்கள். ஊற்றுவதற்குத்தான் ஒரு சொட்டு இல்லை. இரண்டு நாளாக மிதக்கிறார்கள். காற்று அவர்களை இன்னும் மேற்கே தள்ளிக்கொண்டிருந்தது. குடிதண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. எங்கள் தண்ணீர்க் கேனை வாங்கி மாறி மாறிக் குடித்தார்கள்.

கேப்டன் ரேடியோவில் கடலோரக் காவல் படைக்குச் சொன்னார். கப்பல் வரும், ஆனால் மறுநாள் மத்தியானத்துக்கு மேல் ஆகும் என்று பதில் வந்தது. காற்று கூடும் என்றும் சொன்னார்கள்.

"எல்லாரும் நம்ம படகுல ஏறிக்கிருங்கப்பா" என்றார் மச்சான். படகின் மூத்தவர், அமலதாஸ் என்று பெயர், மறுப்பாகத் தலையை ஆட்டினார். "ஆளுவ வந்திருவோம் ஐயா. படக விட்டுட்டுக் கரையில போய் ஒம்பது குடும்பமும் என்ன செய்ய? எங்களுக்குக் கொஞ்சம் டீசல் தர முடியுமா?" என்று கேட்டார்.

எல்லோரும் ஜெயபாக்கியத்தைப் பார்த்தோம். நான் பார்த்தது மட்டும் இல்லை, பேசவும் செய்தேன். அதை எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது. "காத்து எதிர்ல இருக்கு. நமக்கே பத்துமோ பத்தாதோ. அதான் நாளைக்கிக் கப்பல் வருதே, தண்ணியக் குடுத்துட்டு நாம போவோம்" என்றேன். பயம். சுத்தமான பயம். வேறு பெயர் அதற்கு இல்லை.

ஜெயபாக்கியம் தொட்டிக்குள் கம்பை விட்டார். தொட்டியிலும் டிரம்மிலும் சேர்த்து ஆயிரத்து நானூற்று அறுபது. காற்று இப்படியே இருந்தால் கொச்சிக்கு எழுநூற்றுப் பத்து வேண்டும் என்று விரலை மடக்கிச் சொன்னார். பிறகு, "அவுக எஞ்சின் என்ன குடிக்கும்னு தெரியாம நான் சரின்னு சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு, ஆடிக்கொண்டிருந்த இரண்டு படகுகளுக்கும் நடுவே கால் வைத்து அந்தப் பக்கம் தாண்டிவிட்டார். நீச்சல் தெரியாத அம்மா. சுஜாதா அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

டீசல் வற்றி நின்ற எஞ்சினில் குழாய் முழுக்கக் காற்று ஏறியிருக்கும். அதை வெளியே எடுக்காமல் எஞ்சின் பிடிக்காது. பம்புசெட்டில் ஆயிரம் தரம் செய்த வேலை அது. அரைமணி நேரத்தில் கரும்புகை கக்கிக்கொண்டு எஞ்சின் ஓடியது. இரண்டு குழாயையும் கேனுக்குள் விட்டு, வேகத்தைக் குறைத்து, முழுசாக ஒரு மணி நேரம் பார்த்தார். எங்கள் படகு பக்கத்திலேயே ஊர்ந்தது. வானம் மங்கிக்கொண்டிருந்தது, நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா அவசரப்படவில்லை.

"மணிக்குப் பன்னெண்டு லிட்டரு. அஞ்சு மைல் வேகம். எங்க படகுக்குப் பின்னாடியே ஒட்டி வந்தா காத்து கொறையும். இருபத்தொம்பது மணி நேரத்துக்கு முந்நூத்தம்பது. நானூறு குடுத்தா நீங்க கரையேறிருவீக" என்று அமலதாஸிடம் சொன்னார். எங்கள் பக்கம் திரும்பி, "அண்ணே, டிரம்ம அவுத்து விடுங்க" என்றார்.

"பாக்கியம், நமக்கு?" என்றார் மச்சான்.

"நமக்குக் கரை சேர வேண்டியது தொட்டியில இருக்குண்ணே. இது ஆனைக்கு வச்சது. நம்ம டீசலே இல்ல."

நான் உதைத்த அந்த டிரம்மின் கயிற்றை நானே அவிழ்த்தேன். யாரும் சொல்லவில்லை. முடிச்சு இறுகியிருந்ததால் பல்லால் கடித்து இழுத்தேன்.

குழாய் வைத்து டீசலை ஏற்றிக்கொண்டிருக்கும்போது நான் பின்தளத்தில் உட்கார்ந்து மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். என் தாளில் இருந்தபடி, பத்து மைல் வேகத்தில், ஏசியைப் போட்டுக்கொண்டு, தொட்டி டீசலை மட்டும் நம்பிப் போயிருந்தால்? இன்னும் கொஞ்ச தூரம்தான். கொச்சிக்கு நூறு மைலுக்கு இந்தப் பக்கம் எங்கள் படகும் நின்றிருக்கும். துணியை ஆட்டிக்கொண்டிருப்பது நானாக இருந்திருக்கும்.

இருபத்தொன்பது மணி நேரம் என்றார். முப்பது ஆனது. நாங்களும் அவர்கள் வேகத்துக்கே வந்தோம், அவர்களைப் பின்னால் வைத்துக்கொண்டு. அத்தனை நேரமும் ஜெயபாக்கியம் இரண்டே இரண்டு தடவைதான் கண்ணயர்ந்தார். மற்ற நேரமெல்லாம் பின்தளத்தில், டிரம் இருந்த இடத்தில் உட்கார்ந்து, அந்தப் படகின் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்து நின்றுவிடுவார். கேப்டன் ஒரு கட்டத்தில் தன் நாற்காலியை எடுத்துவந்து அவருக்குப் போட்டார். "இருன்னோ சேச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முப்பது வருஷம் கப்பலில் இருந்த மனுஷர், அந்த முப்பது மணி நேரமும் நின்றுகொண்டே படகை ஓட்டினார்.

கொச்சித் துறையில் இரண்டு படகும் அடுத்தடுத்து அணைந்தன. ஜெயபாக்கியம் முதலில் தாண்டிப் போய் அவர்களுடைய தொட்டியில் கம்பை விட்டார், பிறகு எங்களுடையதில். அங்கே நாற்பது லிட்டர் மிச்சம். இங்கே நானூற்றுச் சொச்சம். "சரியாப் போச்சு" என்று கம்பைத் துடைத்துவிட்டு, பாண்டித்துரைக்குப் போன் செய்ய ஓரமாகப் போனார். "ம்ம், எறங்கிட்டேன். வண்டியில டீசல் இருக்கா? ஆனைக்கு இருக்கா?" என்று கேட்பது எங்களுக்குக் கேட்டது.

அமலதாஸ் இரண்டு கையிலும் பெரிய நெய்மீனைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஐயா, ஒரு விஷயம் வழியெல்லாம் யோசிச்சிட்டே வந்தேன். இவ்வளவு அழகான படகு. இதுல எதுக்கு ஐயா அந்த ரெண்டு டிரம்ம ஏத்தினீங்க? யாருக்காக வச்சிருந்தீங்க?"

மச்சான் என்னைப் பார்த்தார். சிரித்தவன்தானே, நீயே சொல் என்கிற மாதிரி.

சொன்னேன். பூப்பாறை ரோட்டில் நின்ற யானையிலிருந்து ஆரம்பித்தேன். மழையில் நடந்த பதினான்கு பெண்களைச் சொன்னேன். மூன்று பங்கைச் சொன்னேன். கடலில் ஏதும்மா ஆனை என்று நான் கேட்டதையும் மறைக்காமல் சொன்னேன். "நீங்கதான்யா அந்த ஆன. நீங்க யாருன்னு தெரியாமலே அந்தம்மா உங்களுக்கு அளந்து வச்சிருந்தாங்க. நான் அதத்தான் காலால…" என்று ஆரம்பித்தேன். மீதியைப் பிரேம்சிங் மச்சான்தான் சொல்லி முடித்தார்.